உயரத்துக்குக் கட்டம் இல்லை

காவிரி டெல்டாவின் சரித்திரத்தில், கல்லணை கட்டப்பட்டதற்கு அடுத்தபடியாகக் குறிப்பிடத் தக்க சம்பவம், இந்த ஏப்ரல் ஏழாம் தேதி காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத்தெருவில் நடந்தது. சரித்திரம் அந்நேரம் பல் விளக்கிக்கொண்டிருந்ததால் கவனிக்கத் தவறிவிட்டது. ஆகவே அந்த ஆணையை இங்கே உள்ளபடி தர வேண்டியிருக்கிறது:

"ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியரின் செயல்முறைகள். முன்னிலை: திரு. ம. வேதநாயகம், பி.ஏ. ந.க. எண் 1. பொருள்: சுற்றுலா – கோடை – கொச்சி நகரைச் சுற்றிப் பார்த்தல் மற்றும் மூணாறு பக்கத்துத் தேசியப் பூங்காவில் மலை நடை மேற்கொள்ளுதல் – அனுமதி அளித்து ஆணையிடுதல் – தொடர்பாக. பார்வை: 1) திருமதி விண்ணரசியின் வாய்மொழிக் கோரிக்கை, நாள் 11.05.1997. 2) அதே நபரின் நினைவூட்டுகள், ஆண்டுதோறும். ஆணை: பார்வை ஒன்றில் காணும் கோரிக்கை கவனமுடன் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது."

கவனமுடன் பரிசீலிக்க இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது.

ஆணை வாட்ஸப்பில் வெளியானது. குழுவில் நாலு பேர். வேதநாயகம், அவர் மனைவி விண்ணரசி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் லின்சி, பிறகு, வேதநாயகத்தின் கீழ் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது உளுந்தும் நெல்லும் போட்டுக்கொண்டிருக்கும் இராஜாங்கம். ஆணைக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டியவர் இராஜாங்கம் மட்டும். லின்சி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். விண்ணரசி அப்போது சமையலறையில் இருந்தார். கணவர் அங்கே வந்து, "ஆர்டர் போட்டாச்சு" என்றார்.

"எதுக்குங்க?"

"மலைக்கு."

விண்ணரசி தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். தோசை கருகியது. அதைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை.

கல்யாணமான நாலாம் நாள் விண்ணரசி கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறதுன்னா ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் மலையே பாத்ததில்ல." திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் வேறென்ன சொல்வார்? டெல்டாவில் மலை என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரிலும் மலை கிடையாது. சுவாமிமலையே கட்டி எழுப்பிய மேடுதான். திருச்சி மலைக்கோட்டையை ரயிலிலிருந்து பார்த்ததை வேதநாயகம் கணக்கில் சேர்க்கப் பார்த்தார். விண்ணரசி ஒப்புக்கொள்ளவில்லை. "அது பாறைங்க. நான் கேட்டது மலை."

அடுத்த மே மாதம் போகலாம் என்றார் வேதநாயகம். மே மாதம் ஜமாபந்தி வந்தது. கிராமக் கணக்குகளையெல்லாம் தாலுகா ஆபீசில் கொண்டுவந்து கொட்டித் தணிக்கை செய்யும் அந்தத் திருவிழா வருடா வருடம் கோடையில்தான் வரும். வந்தால் வருவாய்த் துறையில் ஒருவருக்கும் லீவு கிடையாது. ஜமாபந்தி இல்லாத மாதத்தில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வராத வருடம் தேர்தல் வந்தது. ஒரு வருடம் இரண்டும் வராமல் கஜா புயல் வந்தது. விண்ணரசியும் சும்மா இருந்தவரில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக வரப்பு வரப்பாக நடந்து ஊருக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். ஒரு தலைமுறைக்கே ஊசி போட்டு முடிப்பதற்குள் வலது முழங்கால் முடிந்துவிட்டது.

போன மாசிமாதம் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறுறீங்களா?" என்றார்.

"மலையே ஏறலாம்னு இருக்கேன் சார்."

"ஏறுறதா இருந்தா இந்தக் கோடைக்குள்ள ஏறிடுங்க சிஸ்டர். அடுத்த கோடையில நாம ஆபரேஷனப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம்."

இதுதான் நிலவரம். இந்த வருடம், இல்லாவிட்டால் இல்லை. வேதநாயகத்துக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் ஆணை அவ்வளவு நீளமாக வந்தது. மனிதர் மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பதினாலு பக்கத்தில் எழுதியிருந்தார்.

முதல் ஆறு பக்கம் கொச்சி. இரண்டு நாளில் இருபத்துமூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. சீன வலை, இருபது நிமிடம். வல்லார்பாடம் மாதா கோவில், ஜெபமாலை உட்பட நாற்பது நிமிடம். மெட்ரோ ரயில், ஏறி இறங்கப் பதினைந்து. மீதி எட்டுப் பக்கம் மலை. வனத்துறை வழிகாட்டியோடு ஏழு கிலோமீட்டர் நடை.

இந்த இடத்தில்தான் தஞ்சாவூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது.

வேதநாயகம் சும்மா ஆள் இல்லை. இருபத்தோரு தடவை வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர். தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். காவி உடை, வெறுங்கால், முன்னால் கொடி, பின்னால் மாதா சொரூபத்தோடு மினி லாரி, அதில் ஸ்பீக்கர். வழியெல்லாம் ஜனங்கள் மோர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருவர் எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தோடு கையைப் பிடித்து இழுப்பார். தொண்ணூறு நடந்தவனுக்கு ஏழு எம்மாத்திரம்? ஆகவே மலை நடைக்கும் அவர் அதே படிவத்தைத்தான் எடுத்தார். வரிசை எண், இடம், தூரம், நேரம், பொறுப்பாளர் என்று ஐந்து கட்டங்கள். கொடிப் பொறுப்பாளர்: வேதநாயகம். மோர்ப் பொறுப்பாளர்: இராஜாங்கம்.

"சார், உளுந்து அறுப்பு இருக்கு, நான் வரலன்னு சொன்னேனே" என்று இராஜாங்கம் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"நீ வராட்டி என்னய்யா? பொறுப்பு இருக்கட்டும்."

"சரிங்க சார். இங்கேருந்தே மோர் குடிச்சிக்கிறேன்."

அன்று மத்தியானம் லின்சி போன் செய்தாள். பதினாலு பக்கத்தையும் படித்த ஒரே ஜீவன் அவள்தான்.

"அப்பா, ஏழு கிலோமீட்டர் சரி. எவ்வளவு ஏறணும்?"

"ஏழு கிலோமீட்டர்னு போட்டிருக்கேன்ல. ஒன்பதாம் பக்கம், மூணாவது கட்டம்."

"அது தூரம்ப்பா. உயரம்?"

"உயரம்னா?"

அப்பாவி வேஷம் போட்டுக் கேட்டதில்லை. உண்மையாகவே கேட்டார். டெல்டாக்காரருக்கு உயரம் என்பது ஒரே கேள்விதான்: தண்ணீர் ஏறுமா, ஏறாதா? ஏறாவிட்டால் அது மேடு. அரை அடி மேட்டுக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதற்கு மேல் உயரத்தால் இங்கே ஒருவருக்கும் உபயோகம் இருந்ததில்லை. முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் வேதநாயகம் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

"ஐநூறு மீட்டர் ஏறணும்னு போட்டிருக்காங்கப்பா."

வேதநாயகம் அதை அடியாக்கினார். பெரிய கோவில் விமானம் இருநூற்றுப் பதினாறு அடி என்று சொல்வார்கள். வகுத்துப் பார்த்தார். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழரைப் பெரிய கோவில்.

"ஏழரையா? நல்ல நம்பரா இல்லையே" என்றார். அவர் சனிப்பெயர்ச்சி பார்ப்பவரில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் ஏழரை என்றால் ஏழரைதான்.

பயிற்சி தேவை என்று துணை ஆணை ஒன்று வெளியானது. தஞ்சாவூரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால், ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. ஆக ஏப்ரல் நடுவிலிருந்து தினம் காலை ஐந்தரைக்கு, துணைக்கு வந்த இராஜாங்கத்தோடு மூன்று பேர் மேம்பாலம் ஏறி இறங்கினார்கள். சமதரையில் வேதநாயகத்தைப் பிடிக்க ஆள் கிடையாது; கை வீசி நடந்தால் நடைக்கு வந்த மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பாலம் ஏறத் தொடங்கினதும் காட்சி மாறியது. விண்ணரசி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டு, நாற்று நடுகிறவர் நகர்வதுபோல நகர்ந்தார். ஆனால் நிற்கவில்லை. பாலத்தின் பாதியில் நின்றவர் வேதநாயகம்.

மேலேயிருந்து இராஜாங்கம் குரல் கொடுத்தார். "என்ன சார், பாதியில நின்னு பாலத்துக்குப் பட்டா பாக்குறீங்களா?"

"இணைப்பு பாக்குறேன்யா. விரிசல் மாதிரி தெரியுது."

"விரிசல் பாலத்துலயா சார்?"

இரண்டாம் நாள் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை வரி விடாமல் படித்தார். மூன்றாம் நாள் கீழே போகும் ரயிலின் பெட்டிகளை எண்ணினார். அது சரக்கு ரயில், நல்லவேளை, ஐம்பத்தெட்டுப் பெட்டி இருந்தது. நாலாம் நாள் ரயில் வரவில்லை. வேதநாயகம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு, சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள, வராத ரயிலுக்காக நின்றார். விண்ணரசி திரும்பிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

மே இரண்டாம் தேதி புதிய ஆணை வந்தது. ந.க. எண் 4. "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மேற்படி சுற்றுலா அடுத்த கோடைக்கு ஒத்திவைக்கப்படுகிறது." காரணங்கள் இணைப்பில்: ஒன்று, வெயில். இரண்டு, யானை நடமாட்டம். மூன்று, மோர்ப் பொறுப்பாளர் இன்மை.

விண்ணரசி மொட்டை மாடியில் வத்தல் பிழிந்துகொண்டிருந்தார். போன் சத்தம் கேட்டு, இடது கையின் சுண்டுவிரலால் திரையைத் தொட்டுப் படித்தார். பிறகு மாவுக் கையோடு படியிறங்கி வந்தார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் தனியாக ஒரு சத்தம் போட்டது. வேதநாயகம் ஹாலில் செய்தித்தாளை விரித்துப் பிடித்து அதற்குப் பின்னால் இருந்தார்.

"என்னங்க."

"ம்."

"அடுத்த கோடையில என் காலு எங்க இருக்கும்னு தெரியும்ல?"

செய்தித்தாள் அசையவில்லை.

"ஜமாபந்தின்னீங்க, சரின்னேன். எலெக்சன்னீங்க, சரின்னேன். புயல் அடிச்சுது, நானே டூட்டிக்குப் போயிட்டேன். இப்ப யானையா? யானை என்ன, உங்களுக்குன்னு அங்க காத்துக்கிட்டு இருக்கா?"

"அது இல்ல அரசி. சேஃப்டின்னு ஒண்ணு..."

"பேப்பரக் கீழ வைங்க. தலகீழா புடிச்சிருக்கீங்க."

தலைகீழாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேதநாயகம் பதறிப்போய்ச் சரிபார்த்தார். பேப்பர் கீழே வந்துவிட்டது. முகம் தெரிந்தது. அறுபத்தோரு வயது முகம். தாலுகா ஆபீசில் எத்தனையோ பேரைக் காக்க வைத்த முகம். இப்போது மனுவோடு வாசலில் நிற்பவனின் முகமாக இருந்தது.

"பாலத்துலயே முடியல அரசி" என்றார் மெதுவாக. "இருபத்தோரு தடவ மாதாகிட்ட நடந்தவன். ஒரு பாலம் ஏற முடியல. அங்க வந்து பாதியில நின்னுட்டேன்னு வையி, உன்னையும்ல எறக்கிக் கூட்டியாரணும்? இருபத்தெட்டு வருசம் கழிச்சிக் கூட்டிட்டுப் போயி, பாதியில."

விண்ணரசி மாவுக் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கே உங்களுக்கு பிரஷர் பாத்தேன்ல? நூத்திமுப்பதுக்கு எண்பது. நம்ம டாக்டர்கிட்ட ஈ.சி.ஜி.யும் எடுத்தாச்சு. மூச்சு வாங்குறது வியாதி இல்லங்க. பழக்கம் இல்ல, அவ்வளவுதான். நம்ம ஊர்ல யாருக்கு இருக்கு?"

"நின்னுடுவேனே."

"நில்லுங்க. நானும் நிக்கிறேன். எனக்கும் காலு வலிக்கும்ல? நின்னு நின்னு போவோம். ஆனா ஒண்ணு, நிக்கிறப்ப சும்மா நில்லுங்க. விரிசல் பாக்காதீங்க. ரயில் எண்ணாதீங்க. எனக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா காலு நழுவுது."

வேதநாயகம் வாயைத் திறந்தார். விண்ணரசி விடவில்லை.

"லின்சிகிட்டச் சொல்லி டிக்கெட் போட்டாச்சு. பன்னெண்டாந்தேதி. ஒண்ணு எம் பேர்ல, ஒண்ணு உங்க பேர்ல. நீங்க வரலன்னா உங்கத கேன்சல் பண்ணிட்டு வேற போடச் சொல்றேன். இராஜாங்கம் அண்ணன் வீட்டு காளியம்மாக்கா வர்றாங்களாம். அவங்களும் மலை பாத்ததில்ல."

அன்று மாலை ந.க. எண் 5 வெளியானது. அதில் ஒரே வரி. "ந.க. எண் 4 இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது." வேதநாயகம் எழுதியதிலேயே சிறந்த ஆணை அதுதான் என்பது இராஜாங்கத்தின் அபிப்பிராயம்.

கொச்சியில் ஆணையின் முதல் ஆறு பக்கமும் முதல் நாள் காலையிலேயே சரிந்தன. சீன வலைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தது. விண்ணரசி கரையில் ஒரு கட்டையில் உட்கார்ந்தார். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, அவ்வளவு பெரிய வலை தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது. உள்ளே ஏழெட்டு மீன். மறுபடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். வேதநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அரசி, அடுத்து மட்டாஞ்சேரி அரண்மனை."

"இருங்க. இந்தத் தடவ நெறைய விழும்."

இரண்டு மணி நேரம் கழித்தும் நிறைய விழவில்லை. இருபத்துமூன்று இடங்கள் ஏழாகச் சுருங்கின. வேதநாயகம் விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலில் அடித்தார். ஆறாவதை அடிக்கும்போது வலை மேலே வர, "இப்ப பாரு, பெருசு ஒண்ணு கெடக்கு" என்று அவரே எழுந்து நின்று கத்தினார். மெட்ரோவில் மட்டும் இரண்டு தடவை போனார்கள். நகரும் படிக்கட்டில் நின்றபடியே மேலே போன வேதநாயகம், "மலைக்கும் இத ஒண்ணு வச்சிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

மூணாறுக்குப் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. விண்ணரசிக்கு ஜன்னல் சீட்டு. முதல் மலை வந்ததும் அவர் ஏதாவது சொல்வார் என்று வேதநாயகம் காத்திருந்தார். அவர் நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்தார். வாந்தி வருகிறதோ என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார். விண்ணரசி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே.

மறுநாள் காலை ஏழு மணி. வழிகாட்டியாக வந்தவர் துரைராசு; தேயிலைத் தோட்டத்துத் தமிழர், ஐம்பது வயசிருக்கும். வேதநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார். காவி வேட்டி, வெறுங்கால், கையில் கொடிக் கம்பு.

"சார், ஷூ?"

"நான் வெறுங்கால்ல தொண்ணூறு கிலோமீட்டர் நடப்பேன்."

"நடப்பீங்க சார். இங்க ஏறணும்."

பைக்குள் லின்சி வாங்கி அனுப்பிய ஷூ இருந்தது. விண்ணரசி அதை எடுத்துக் கீழே வைத்தார். வேதநாயகம் போட்டுக்கொண்டு, கௌரவத்தைக் கொஞ்சமாவது மீட்கும் உத்தேசத்தில் கேட்டார்:

"மோர்ப் பந்தல் எத்தன கிலோமீட்டருக்கு ஒண்ணு இருக்கு?"

"மோரெல்லாம் இல்ல சார். அட்டைப்பூச்சி இருக்கு."

முதல் திருப்பத்திலேயே வேதநாயகம் நின்றார். பழக்கதோஷத்தில் கண் எதையோ தேடியது. விரிசல் இல்லை, சுவரொட்டி இல்லை, ரயில் இல்லை. மரம், பாறை, புல். ஒரு நிமிடம் தவித்துவிட்டு, இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் காரணம் எதுவும் இணைக்காமல் சொன்னார்.

"முடியல அரசி."

"நிப்போங்க."

நின்றார்கள். பிறகு ஏறினார்கள். பிறகு விண்ணரசியின் முழங்கால் மக்கர் செய்தது. அவர் நின்றார், வேதநாயகமும் நின்றார். கொடிக் கம்பு விண்ணரசியின் கைக்கு ஊன்றுகோலாகப் போனது. கொடியைச் சுருட்டி வேதநாயகம் முகம் துடைத்துக்கொண்டார். மாதா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள் என்று தோன்றியது. துரைராசு முன்னால் போய் முன்னால் போய்க் காத்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் ஏறுகிற ஏற்றத்துக்கு அவர்கள் நாலரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். ஒரு வரையாடு பாறைமேல் நின்று இவர்களைப் பார்த்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. இவர்களுக்கும் இல்லை.

கடைசி ஏற்றத்தில் விண்ணரசி கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டார். யார் யாரை ஏற்றினார்கள் என்று துரைராசுவுக்கே தெரியவில்லை.

மேலே காற்று. சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலை, நீலமாக, அதற்குப் பின்னால் இன்னும் வெளிறி ஒன்று. விண்ணரசி முழங்கால் பட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார். வேதநாயகம் பக்கத்தில் பொத்தென்று விழுந்தார். மூச்சு திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது.

"மன்னிச்சிக்க" என்றார். "தொண்ணூத்தேழுலயே வந்திருக்கணும்."

"வந்திருந்தா ஒரே ஓட்டமா ஏறியிருப்போம்" என்றார் விண்ணரசி. "ஆட்டையெல்லாம் யாரு பாத்திருப்பா?"

சிக்னல் கிடைத்ததும் வேதநாயகம் குழுவுக்கு ஒரு வரி அனுப்பினார்: "பார்வை ஒன்றில் காணும் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது." லின்சி பத்து இதயங்கள் போட்டாள். இராஜாங்கம் போனிலேயே வந்துவிட்டார்.

"சார்! சிஸ்டர் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாய்யா."

"நீங்க?"

"அவ ஏத்திட்டா."

"அப்பாடா. மேல என்ன சார் இருக்கு?"

வேதநாயகம் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, முப்பத்தாறு வருடம் நிலம் அளந்த கண்ணால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். புல்வெளி. பள்ளம் மேடு இல்லை.

"நாலு மா நெலம் தேறும்யா. ஒரே மட்டம். வரப்பப் போட்டு, தண்ணி மட்டும் ஏறிட்டா, குறுவையே போடலாம்."

ஏழரைப் பெரிய கோவில் ஏறிப்போய்ப் பார்த்த மலையின் உச்சி, தஞ்சாவூரைப் போலவே தட்டையாக இருந்தது.